வாய் திறந்த சிப்பிகள்

பதினொரு வருடம் மருமகளாக இருந்த வீட்டில் விருந்தாளிகளுக்கு நான் சமைத்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் அடுப்பு தேவைப்படாத சமையல். கடல் சிப்பி. உயிரோடு திறந்து, பச்சையாக அப்படியே சாப்பிடக் கொடுப்பது.

நான் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். பன்னிரண்டாவது முடித்ததும் பக்கத்து மலையில் இருந்த ஒரு ரிசார்ட்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் காய் நறுக்க விட்டார்கள். பிறகு கோல்டு கிச்சனுக்கு அனுப்பினார்கள். சாலட், பழம், ஐஸ், அப்புறம் வாரம் இரண்டு முறை கொச்சியிலிருந்து வேனில் வரும் சிப்பி. சிப்பி திறப்பதற்கு யாரும் முன்வர மாட்டார்கள். கத்தி வழுக்கினால் இடது உள்ளங்கை கிழிந்துவிடும். எனக்கு இரண்டு முறை கிழிந்தது. மூன்றாவது முறை கிழியவில்லை, அதோடு அந்த வேலை என்னுடையதாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் முப்பது பேர் வந்து உட்கார்ந்தால் நான் ஒருத்தியே நின்று அத்தனை பேருக்கும் திறப்பேன்.

என் கணவர் அந்த ரிசார்ட்டுக்கு டூரிஸ்டுகளை ஏற்றி வரும் வண்டியின் டிரைவராக இருந்தார். வண்டி ஓட்டிப் பிழைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில், நல்லேப்பிள்ளியில், வயலும் தென்னந்தோப்பும் இருக்கிற குடும்பம். அண்ணனோடு ஒத்துப்போகாமல் கொஞ்ச காலம் மலைக்கு ஓடி வந்திருந்தார். கிச்சனுக்குப் பின்னால் டிரைவர்கள் டீ குடிக்கும் இடத்தில் ஒருநாள், மீந்த சிப்பி ஒன்றைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"மழையில நனஞ்ச கல்ல நக்குன மாதிரி இருக்குதுங்க," என்றார்.

அந்த "ங்க" எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் லயத்தில் ஆண்கள் யாரும் பெண்களிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர்கள் ஊரில் அது எல்லோரிடமும் வருகிற வெறும் பேச்சுப் பழக்கம் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மாட்டு வியாபாரியிடமும் அதே ங்கதான்.

அவர்கள் வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அதனால்தான் இதை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. "எஸ்டேட்டுப் புள்ள" என்பார்கள், அவ்வளவுதான். சமையலறையில் எனக்கு இடம் இருந்தது. காய் நறுக்கலாம், மாவு ஆட்டலாம், பாத்திரம் கழுவலாம். அடுப்பை மட்டும் மாமியார் விட்டுக்கொடுக்க மாட்டார். நான் பரிமாறினால் பங்காளி வீட்டுக்காரர்கள் போதும் போதும் என்று இலையை மறைப்பார்கள். குழந்தை பிறக்காமல் போனதும் என் பக்கத்துக் குறை என்றே பேசப்பட்டது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை என் கணவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார், அவர்தான் வீட்டில் எல்லாம். அவருடைய மனைவி மகளின் படிப்புக்காகக் கோயம்புத்தூரில் தங்கியிருந்தார். நெல்லில் ஒன்றும் நிற்பதில்லை என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மூத்தார், ஒருநாள் வீட்டின் மேல்மாடியை இடித்து நான்கு ரூம் கட்ட ஆரம்பித்தார். ஹோம்ஸ்டே. வயல் நடுவில் வீடு, காலையில் பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன், கள்ளு இறக்குவதை நேரில் பார்க்கலாம் என்றெல்லாம் நோட்டீஸ் அச்சடித்தார். வெளிநாட்டு ஆட்களை அனுப்பும் ஒரு டிராவல்ஸ்காரத் தம்பதி கொச்சியில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போன இடத்தில் அந்த அம்மாள் சிப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இது இருந்தால் எனக்கு வேறு சாப்பாடே வேண்டாம், பாலக்காட்டுப் பக்கம் வந்தால் இது கிடைக்காதே என்று சிரித்திருக்கிறார். அது மூத்தாரின் மனதில் தைத்துவிட்டது.

மறுநாள் நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"அம்மிணி," என்றார்.

ஊரில் இருக்கிற எல்லாப் பெண்களையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். என்னை மட்டும் அதுவரை கூப்பிட்டதில்லை. நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

"நீ மூணாத்துல இருக்கறப்ப சிப்பியெல்லாம் ஒடச்சுக் குடுப்பியாமல்ல?"

"ஒடைக்கிறது இல்ல மாமா, தெறக்கிறது."

"அதேதான். வாற ஞாயித்துக்கெழம மத்தியானம் அவிய மூணு பேரு வாறாங்க. நான், உன்ற ஊட்டுக்காரன், ஆக அஞ்சு பேரு. ஆளுக்கொரு டஜன் வெக்கோணும். பண்ணிப்போடலாமில்ல?"

பண்ணலாம் என்றேன். அவர் போன பிறகு, உதறிய துணியையே மறுபடியும் உதறிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது. ஒரு அம்மிணிக்கு அப்படி உருகியிருக்க வேண்டாம்.

அது மாசி மாதம். மழை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. சிப்பிக்கு நல்ல காலம் அதுதான். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர், சிப்பி வளரும் கடலோரக் காயலில் கலந்து உப்பு இறங்கிவிடும். அப்போது எடுக்கும் சிப்பி சப்பென்று இருக்கும், வயிற்றுக்கும் நம்ப முடியாது. கோடை ஏற ஏற உப்பு ஏறும், சதை திரளும். இதையெல்லாம் மூத்தாரிடம் சொன்னேன். மார்க்கெட்டில் கிடைப்பதைப் பச்சையாகக் கொடுக்க முடியாது, நேராக வளர்க்கிற இடத்துக்கே போய் எடுக்க வேண்டும், என்னைக் கூட்டிப் போகாமல் எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். அந்த வீட்டில் நான் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான்.

சிப்பிக்கு மலையாளத்தில் கடல்முரிங்ஙா என்பார்கள். சனிக்கிழமை விடிகாலையில் நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெயரை எங்கேயோ கேட்டுவிட்டு மாமியார் வாசலுக்கு வந்தார்.

"முருங்கக்காய்க்கா கொடுங்ஙல்லூரு பக்கம் போறீங்க? நம்ம வேலியோரம் காச்சுத் தொங்குதே?"

என் கணவர் அது என்னவென்று விளக்கினார். மாமியாரின் முகம் மாறியது.

"உசுரோட முழுங்கறதா? என்ன கெரகமோ. இங்க பாரு, அத அடுப்படிக்குள்ள கொண்டாந்தீன்னா நான் என்ற பாத்தரத்த எடுத்துட்டு தோட்டத்துச் சாளைக் குடிசைக்குப் போயிருவேன். ஃபிரிஜ்ஜுலயும் வெக்கப்புடாது. சொல்லிப்போட்டேன்."

அதை அவர் மகன்களைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

குதிரான் சுரங்கத்தைத் தாண்டி, திருச்சூர் தாண்டி, காயலோரம் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. மூங்கில் கழிகளை நட்டு, கயிறுகளில் சிப்பியைத் தொங்கவிட்டு வளர்க்கும் ஒரு பெண்கள் சங்கம். ஐந்தாறு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு கொட்டகை, அதற்குள் சிமென்ட் தொட்டிகள். எடுத்த சிப்பியை வடிகட்டிய உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். அது தனக்குள் இருக்கும் அழுக்கையெல்லாம் கக்கிவிடும். பச்சையாகச் சாப்பிடுவதற்குத் தொட்டியில் கிடந்ததுதான் வேண்டும். எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு தொட்டி அன்று காலை, இன்னொன்று முந்தின நாள் விடியற்காலை. முந்தின நாள் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். முதலில் கனம் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் சிப்பி, அளவுக்கு மீறிக் கனக்கும். பிறகு இரண்டை எடுத்துத் தட்ட வேண்டும். உயிருள்ளது கருங்கல்லும் கருங்கல்லும் மோதுவது போலச் சத்தம் போடும். காலியானது கொட்டாங்குச்சி போல ஒலிக்கும். லேசாக வாய் பிளந்திருந்தால் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். சட்டென்று மூடிக்கொண்டால் சரி. மூடாவிட்டால் அதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். கீழ் ஓடு கிண்ணம் போலக் குழிந்திருந்தால் சதை நன்றாகத் திரண்டிருக்கும். தட்டையாக நீண்டு போனவற்றை நான் எடுக்கவில்லை.

இருபது எடுத்ததும் சோதித்துப் பார்க்க ஒன்றைத் திறந்தேன். ரிசார்ட்டிலிருந்து நான் கொண்டுவந்த கத்தி, குட்டையானது, முனை மழுங்கியது, பதினொரு வருடமாக என் துணிப்பெட்டியில் கிடந்தது. கை மறக்கவில்லை. மூட்டில் நுனியை வைத்து அழுத்தி ஒரு திருப்பு, உள்ளே கத்தியை மேல் ஓட்டோடு ஒட்டி ஒரு இழுப்பு. ஒரு துளி தண்ணீர் சிந்தவில்லை. பக்கத்தில் நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் ஈரத் துணியோடு வந்து சுற்றி நின்றார்கள். இன்னொன்று திறக்கச் சொன்னார்கள். இன்னொன்று. சேச்சி எந்த ஓட்டலில் ஷெஃப் என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் மூத்தார் முந்திக்கொண்டார். "ஓட்டலெல்லாம் இல்லீங்க. சும்மா ஊட்டுல இருக்குது."

அந்தக் கொட்டகையில் இருந்த ஒரு மணி நேரம்தான் இந்தக் கதையில் எனக்கு நல்ல நேரம். அதனால்தான் அதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அறுபது எண்ணி எடுத்தோம். தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, ஐஸ் பரப்பி, அதன்மேல் ஈரச் சாக்கு விரித்து, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினேன். ஐஸ் உருகுகிற தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே போய்விட வேண்டும். சிப்பி அதில் முங்கக் கூடாது. உப்பில்லாத நல்ல தண்ணீர் அதற்கு விஷம். இதை வரும் வழியெல்லாம் இரண்டு பேரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூத்தார் போனில் பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையாட்டினார்.

வீட்டுக்குள் இடம் இல்லாததால் பெட்டியைத் தோப்பில் இருந்த மோட்டார் ரூமில் வைத்தோம். மோட்டார் ஓடாதபோது அங்கே நல்ல குளிர்ச்சி. நான் உட்கார்ந்து ஐஸ் மாற்றி, சாக்கை நனைத்து மூடிவிட்டு, மாலையில் வீட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் விருந்துக்கு மற்ற சமையலெல்லாம் மாமியாருடையது. அவருக்கு நான் தேங்காய் துருவிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மோட்டார் ரூமுக்குப் போனேன். பெட்டியைத் திறந்தால் விளிம்புவரை தண்ணீர். சிப்பிகள் அத்தனையும் அதற்குள் கிடந்தன. கையை விட்டுப் பார்த்தேன். போர் தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் ஓட்டையைத் துணி சுருட்டி அடைத்திருந்தார்கள். அந்தத் துணி என் கணவரின் பழைய துண்டு.

அவர் பல் தேய்த்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"தண்ணி ஊத்துனது யாரு?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "நாந்தான். நேத்துப் பொழுதோட அண்ணன் வந்து பாத்துப்போட்டு, தண்ணியில்லாம எப்படி உசுரோட கெடக்கும், ரெண்டு கொடம் ஊத்துடான்னாரு."

"ஊத்தாதீகன்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

"சொன்னே. அண்ணன் நின்னுட்டுச் சொல்றாரு, நான் என்ன பண்றது?"

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் பிரஷ்ஷைக் கழுவ வாய்க்காலில் இறங்கினார். மூத்தாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். தண்ணீரில் வாழ்கிற ஜீவனுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான். பதினொரு வருடமாக விழவில்லை.

தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிமென்ட் தரையில் எல்லாவற்றையும் பரப்பினேன். பாதிக்கு மேல் வாய் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தட்டினேன். மூடவில்லை. மோந்து பார்த்தேன். நல்ல சிப்பிக்குக் காயல் காற்றின் வாசனை மட்டும்தான் இருக்கும். இதில் சாக்கடை ஓரத்து வாடை வந்தது. அறுபதில் உயிரோடு இருந்தவை இருபத்திமூன்று. நான் பிணங்களை அடையாளம் காட்ட உட்கார்ந்தவள் போல அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மூத்தார் வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"வாய் தொறந்திருந்தா என்ன? உனக்குத் தொறக்கற வேல மிச்சம்."

"மாமா, இது செத்தது. பச்சையாக் குடுத்தா சாயங்காலத்துக்குள்ள வாந்தி பேதி ஆயிரும். ஆசுபத்திரிக்குத்தான் தூக்கணும்."

"எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு வுட்டா ஒண்ணுந் தெரியாது."

"தெரியாம இருக்கலாம். வயித்துக்குத் தெரியும்."

"ஆளுக்கொரு டஜன்னு அவியகிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மிணி. என்ற மானம் போவுது."

"இருக்கிறது இருபத்திமூணு. அதுக்கு மேல ஒண்ணு கூட என் கையால வைக்க மாட்டேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அந்த வீட்டில் யாரும் அவரிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. "உங்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மிணி இல்லை.

செத்தவற்றைத் தென்னைக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். மற்றவற்றை பிரஷ் போட்டுத் தேய்த்து, சேறு போக அலசி, புது ஐஸ் மேல் வைத்தேன். சித்தூரில் கள்ளுக்குப் பஞ்சமில்லை, கள்ளில் செய்த வினிகர், அங்கே விநாகிரி என்பார்கள், அதுவும் வீட்டிலேயே இருந்தது. சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி அதில் ஊறவைத்தேன். காந்தாரி மிளகாய் இரண்டு, நசுக்கி. மிளகு, தனியாக. எலுமிச்சை, தனியாக. சிப்பியின் மேல் எதையும் ஊற்றக்கூடாது, வேண்டியவர்கள் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளலாம். தட்டு கேட்டால் மாமியார் தர மாட்டார் என்று தெரியும். மோட்டார் ரூம் மூலையில் கல்யாண அண்டா ஒன்றின் மூடி கிடந்தது. அதைப் புளி போட்டு விளக்கி, வாழையிலை விரித்து, ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு உடைத்துப் பரப்பி, கல்லுப்புத் தூவினேன். பார்க்க ரிசார்ட்டில் வைப்பதைவிட அழகாக இருந்தது. உண்மையாகவே.

வந்தவர்கள் ஒரு மணிக்கு உட்கார்ந்ததும் திறக்க ஆரம்பித்தேன். முன்பே திறந்து வைத்தால் காய்ந்துவிடும். மடித்த துணிக்குள் சிப்பியைப் பிடித்து, மூட்டில் கத்தி, ஒரு திருப்பு. மேல் ஓட்டை எடுத்து, சதைக்கு அடியிலும் அறுத்துவிட்டு, ஓட்டுச் சிதறல் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவி, மோந்து பார்த்து, ஐஸில் பதிக்க வேண்டும். இருபத்திரண்டு சரியாக இருந்தன. கடைசி ஒன்று தட்டியபோது மூடியதுதான், ஆனால் திறந்ததும் தண்ணீர் வற்றி, சதை சுருங்கி, வாடை லேசாக மாறியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு ஓரமாக வைத்து, அந்த ஓரம் மூத்தார் பக்கம் வரும்படி மேஜையில் வைத்தால் போதும். வேறு யாருக்கும் தெரியாது. பிறகு அதை வாய்க்காலில் எறிந்தேன். எறிந்ததற்காகப் பெருமைப்பட வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். பெருமை வரவில்லை.

மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொல்லை வழியாக ஹாலுக்குப் போனேன். கதவருகே போகும்போதே மூத்தாரின் குரல் கேட்டது.

"இன்னும் நெறையா வாங்கிட்டு வந்தமுங்க. வேலக்காரப் புள்ள ஒண்ணு இருக்குது, மூணாத்துல ரிசார்ட்டுல இருந்தது. அது சரியாப் பாத்து வெக்காம பாதி செத்துப்போச்சுங்க."

நான் உள்ளே போய்விட்டேன். நிற்க முடியாது, கையில் ஐஸ் கனத்தது. மேஜையில் அந்தத் தம்பதி, அவர்களோடு வந்த இன்னொரு ஆள், மூத்தார், என் கணவர். மூடியை நடுவில் வைத்தேன். என் கணவர் வாழையிலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இது என் வீட்டுக்காரிங்க என்று மூன்று வார்த்தை. தண்ணி ஊத்துனது நாந்தாங்க என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

அவர் ஒரு சிப்பியை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

கொச்சி அம்மாள் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடி மென்றார், விழுங்கவில்லை, மென்றார். சாப்பிடத் தெரிந்தவர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள். அடுத்ததை எடுத்து விளிம்பைச் சுற்றிலும் பார்த்தார்.

"ஒரு துணுக்குகூட உடையலையே," என்று மலையாளத்தில் என்னிடம் சொன்னார். "எத்தனை வருஷமா இங்கே வேலை செய்யறீங்க?"

"பதினொரு வருஷமாச்சு," என்றேன்.

மூத்தார் சிரித்துக்கொண்டே விநாகிரிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாள் மூத்தாரிடம், இவங்களை மட்டும் விட்டுடாதீங்க என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த மேஜையில் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர், நான் யாரென்று தெரியாத அந்த ஒருத்தர்தான்.

நானே சொல்லியிருக்கலாம். இதை இத்தனை நாள் யோசித்தாகிவிட்டது. நான் வேலைக்காரி இல்லை, இந்த வீட்டு மருமகள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டால், அதை என் கணவர் சொல்லவில்லை என்பது ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும். அந்த வெட்கத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவதற்காக நான் வேலைக்காரியாக நின்றேன்.

அவர்கள் போன பிறகு மோட்டார் ரூமைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து வாசலுக்கு வெளியே நின்று செம்பிலிருந்து என் கையில் தண்ணீர் ஊற்றினார். செம்பு என் மேல் படாமல் ஊற்றினார்.

"வேலக்காரின்னு சொன்னா என்ன கெட்டுப்போச்சு? வந்தவிய போனாப் போச்சு. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நிக்கற."

"அத்தை, உங்கள அப்படிச் சொன்னா?"

"என்னைய எதுக்குச் சொல்றான்?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் கழித்துக் கணவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வந்தவிய முன்னால அண்ணனப் பொய்யனாக்கச் சொல்றியா? அவரு எடுத்து நடத்தறாரு, எல்லாருக்குந்தான் சோறு. ஒரு பேச்சு, காதுல வாங்காம விட்டுப்போடு."

"நான் உங்களுக்கு யாரு?"

"இதென்ன கேள்வி?" என்றார். அது என்ன கேள்வி என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹோம்ஸ்டே திறந்தார்கள். ஆட்கள் வந்தார்கள். மறுபடியும் சிப்பி வைக்கச் சொல்லி மூத்தார் கணவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார், நேரில் கேட்கவில்லை. முடியாது என்றேன். நான்கு மாதம் எல்லா வேலையும் செய்தேன், விரிப்பு மாற்றினேன், குளியலறை கழுவினேன். வந்து தங்கியவர்கள் எல்லோருக்கும் நான் வேலைக்கார அக்கா, வேலைக்காரச் சேச்சி. மூத்தார் யாரையும் திருத்தவில்லை, கணவரும் திருத்தவில்லை. அன்று வாய் தவறி வந்த பேச்சு அல்ல, அதுதான் ஏற்பாடு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பளம் இல்லாத வேலைக்காரியாக இருப்பதைவிடச் சம்பளத்துக்கு இருக்கலாம் என்று பழைய ரிசார்ட்டில் கூட வேலை பார்த்த ஒருத்திக்குப் போன் செய்தேன். அவள் மறையூரில் ஒரு சின்ன ஓட்டலில் இருந்தாள். இடம் இருக்கிறது, வா என்றாள்.

கிளம்புகிற அன்று யாரும் தடுக்கவில்லை. மாமியார் மட்டும், "ஊருல என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். வேலைக்காரி நின்றுவிட்டாள் என்று சொல்லுங்கள் என்றேன். அப்படிப் பேசியதற்கு இப்போதும் வருத்தமில்லை.

மறையூரில் நான் இருக்கிற ஓட்டலில் பன்னிரண்டு ரூம். கரும்புத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது, வெல்லம் காய்ச்சும் நாட்களில் கிச்சன் வரைக்கும் புகை வரும். வாரக் கடைசியில் கொச்சியிலிருந்து சிப்பிப் பெட்டி வருகிறது. பெட்டியை நான்தான் பிரிப்பேன். ஐஸை நான் சொல்கிறபடிதான் போடுகிறார்கள். செத்தது என்று நான் ஒதுக்கினால் மேனேஜர் ஏன் என்று கேட்பதில்லை.

போன வருடம் என்னோடு வேலை பார்ப்பவள் போனில் ஒன்றைக் காட்டினாள். அந்த ஹோம்ஸ்டேயின் விளம்பரம். ஐஸ் மேல் வரிசையாகச் சிப்பி, ஓரத்தில் அந்த அண்டா மூடியைப் பிடித்த என் கை. தலை தெரியவில்லை. வந்தவர்களில் யாரோ எடுத்த படமாக இருக்கும். கீழே, "எங்கள் வீட்டு மருமகளின் கைப்பக்குவம்" என்று எழுதியிருந்தது.

நான் சிரித்தேன். அவள் என்னவென்று கேட்டாள், சொல்லவில்லை.

என் கணவர் மாதம் ஒருமுறை வருவார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டலுக்குப் பின்னால் வந்து உட்காருவார், நான் டீ கொடுப்பேன். வயலைப் பற்றிச் சொல்வார், அம்மாவின் முட்டி வலியைப் பற்றிச் சொல்வார், சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போவார். அந்தப் படத்தைக் காட்டி, இதை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அண்ணனிடம் சொல்கிறேன் என்றார். அடுத்த மாதம் கேட்டேன். சொல்லோணும் என்றார். அதற்கு அடுத்த மாதமும் படம் அப்படியேதான் இருந்தது.

"கொஞ்ச நாள் இங்க வராதீங்க," என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். சரிங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. நான் சொன்னதில் அவர் உடனே கேட்டது இது ஒன்றுதான்.